திருவக்கரை கல்மரப் பூங்கா: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விழுப்புரம் மாவட்டம் வானூர் வட்டத்தில், சங்கராபரணி ஆற்றை ஒட்டி இருக்கிறது திருவக்கரை. வக்கிரகாளியம்மனைப் பார்க்கப் பௌர்ணமிதோறும் பெருங்கூட்டம் வரும் ஊர். கோயிலிலிருந்து கிழக்கே ஒரு கிலோமீட்டர் நடந்தால் செம்மண் மேடுகளுக்கு நடுவே 2 கோடி ஆண்டுப் பழைய மரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன. கோயிலுக்கு வருபவர்களில் நூற்றில் ஒருவர்கூட அங்கே எட்டிப் பார்ப்பதில்லை என்பது எனக்குப் பெரிய வருத்தம். அங்கே போக நினைப்பவர்களும் போய்வந்தவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

கல்மரம் என்பது உண்மையிலேயே மரமா, மரம் மாதிரித் தெரிகிற கல்லா?

ஒரு காலத்தில் உயிரோடு நின்ற மரம்தான். இப்போது கையில் எடுத்தால் கல். ஆனால் அந்தக் கல்லுக்குள் மரத்தின் உள்ளமைப்பு அப்படியே இருக்கிறது. வைரம் பாய்ந்த பகுதி எது, நீரை மேலே ஏற்றிய குழாய்கள் எவை, கணு எங்கே இருந்தது என்பதெல்லாம் தெரியும். சில துண்டுகளில் பூச்சி துளைத்த ஓட்டையைப் போன்ற தடங்களைக்கூடப் பார்க்கலாம். மழைநீர் அரித்து மரம் போல வடிவெடுத்த பாறைக்கு இப்படி ஓர் உள்கட்டமைப்பு இருக்காது. வேறுபாடு அங்கேதான்.

எடையைக் கொண்டும் புரிந்துகொள்ளலாம். ஒரு மீட்டர் விட்டமும் ஐந்து மீட்டர் நீளமும் உள்ள அடிமரம் உயிரோடு இருந்தபோது மூன்று, நான்கு டன் இருந்திருக்கும். கல்லான பிறகு அதே அளவுத் துண்டு 10 டன்னைத் தொடும். பேனாக்கத்தியால் கீறினால் கோடு விழாது, கத்தியின் இரும்புதான் தேய்ந்து கல்லின் மேல் கறையாகப் படியும். (அங்கே போய் இதைச் சோதித்துப் பார்க்காதீர்கள். சொன்னது போதும்.)

மரம் எப்படிக் கல்லாகும்?

முதலில் மரம் மட்காமல் தப்பிக்க வேண்டும். காட்டில் விழுந்த மரத்தைக் கரையானும் காளானும் பாக்டீரியாவும் சில ஆண்டுகளில் தின்று முடித்துவிடும். அவற்றுக்குக் காற்று வேண்டும். விழுந்த மரம் சீக்கிரமே மணலுக்கும் சேற்றுக்கும் அடியில் புதைந்து, காற்றுப் போகாத ஈரத்தில் கிடந்தால் மட்கும் வேகம் மிகவும் குறைந்துவிடும். இந்தத் தாமதம்தான் மரத்துக்குக் கிடைத்த வாய்ப்பு.

அடுத்தது தண்ணீர். மண்ணுக்குள் ஊறி ஓடும் நீர் பாறைத் துகள்களிலிருந்து சிலிக்காவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து எடுத்துவருகிறது. மணலிலும் கண்ணாடியிலும் இருப்பது அதே சிலிக்காதான். அந்த நீர் புதைந்த மரத்துக்குள் நுழையும்போது செல்களின் சுவரிலும் உள்வெற்றிடத்திலும் சிலிக்கா படிகிறது. மரத்தின் அடிப்படையை ஒரு உறிஞ்சுகுழல் கட்டு என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொரு குழலின் சுவரிலும் முதலில் பூச்சாகப் படிந்து, அப்புறம் குழலே அடைபட்டுப் போகிறது. மரப்பொருள் மெதுவாகக் கரைந்து வெளியேறுகிறது. வடிவம் தங்கிவிடுகிறது. முதலில் படிவது பெரும்பாலும் ஓப்பல் போன்ற, நீர் கலந்த சிலிக்கா. காலம் போகப்போக அது இறுகி, கால்சிடனி, குவார்ட்ஸ் என்ற கெட்டியான சிலிக்கா வகைகளாக மாறும்.

ஆக, புதைந்தும் இருக்க வேண்டும், ஊறும் நீரில் சிலிக்காவும் இருக்க வேண்டும், மரம் மட்குவதற்குள் அது உள்ளே போய்ச் சேரவும் வேண்டும். மூன்றில் ஒன்று தவறினாலும் கல்மரம் இல்லை. உலகத்தில் விழுந்த மரங்கள் எத்தனையோ கோடி, கல்லானவை மிகச் சிலவே என்பதற்குக் காரணம் இதுதான்.

கல்லாவதற்கே கோடி ஆண்டுகள் ஆகுமா?

தேவையில்லை. மரத்தின் வயதையும் அது கல்லாக எடுத்துக்கொண்ட காலத்தையும் பலர் ஒன்றாக நினைத்துவிடுகிறார்கள். ஜப்பானில் தாத்தேயாமா என்ற இடத்து வெந்நீர் ஊற்றில் மரத்துண்டுகளைப் போட்டு ஆராய்ந்தார்கள். சிலிக்கா நிறைந்த அந்த நீரில் 7 ஆண்டுகளிலேயே துண்டின் எடையில் 40 சதவீத அளவுக்குச் சிலிக்கா ஏறியிருந்தது. வெந்நீர் ஊற்று வேறு, சாதாரண நிலத்தடி நீர் வேறு. ஆற்று மணலில் புதைந்த மரத்துக்கு இதைவிட மிக அதிகக் காலம் பிடித்திருக்கும். ஆனாலும் கல்லான பிறகு மண்ணுக்கடியில் சும்மா கிடந்த காலம்தான் திருவக்கரை மரங்களின் கதையில் மிக நீளமான பகுதி.

வயது 2 கோடி ஆண்டு என்று எப்படிச் சொல்கிறார்கள்? கார்பன் சோதனை செய்தார்களா?

கார்பன் 14 சோதனை இங்கே உதவாது. அதன் அரைவாழ்வுக் காலம், அதாவது அது பாதியாகக் குறைய ஆகும் காலம், 5,730 ஆண்டுகள்தான். ஏறக்குறைய 50,000 ஆண்டுகளைத் தாண்டிவிட்டால் அளக்க எதுவும் மிஞ்சாது. அது போக, இந்த மரங்களில் கார்பனே மிகக் குறைவு, எல்லாம் சிலிக்கா.

மரம் எந்தப் பாறை அடுக்கில் கிடக்கிறது என்பதை வைத்துத்தான் வயது சொல்கிறார்கள். இங்குள்ள சிவப்பும் மஞ்சளுமான மணற்பாறைக்குக் கடலூர் மணற்பாறை என்று பெயர். புதுச்சேரி, கடலூர், நெய்வேலி என்று தெற்கே நீண்டு போகும் இந்த அடுக்கை மயோசீன், பிளையோசீன் (ஏறக்குறைய 2.3 கோடி ஆண்டுக்கு முன்னிருந்து 26 லட்சம் ஆண்டுக்கு முன்வரை) காலங்களைச் சேர்ந்ததாகக் கணிக்கிறார்கள். அதற்குக் கீழே இருக்கும் பழைய அடுக்குகள், மேலே வரும் புதிய படிவுகள், இடையில் அகப்படும் உயிர்ச்சுவடுகள் ஆகியவற்றை ஒப்பிட்டுப் பெற்ற கணிப்பு அது. அதனால் 2 கோடி என்பதைப் பிறந்த தேதி போல எடுத்துக்கொள்ளாமல் ஒரு காலகட்டமாக எடுத்துக்கொள்ளுங்கள். இமயமலை இன்னும் உயர்ந்துகொண்டிருந்த காலம். மனிதன் தோன்ற வெகுநாள் இருந்தது.

இந்த மரங்கள் இங்கேயே வளர்ந்து விழுந்தவையா?

இல்லை. பூங்காவில் போய் நிதானமாகப் பார்த்தால் இதற்கான பதிலை நீங்களே கண்டுபிடித்துவிடலாம் என்பதால், இந்தக் கேள்வி எனக்கு மிகவும் பிடித்தது.

அங்கே ஏறக்குறைய 200 அடிமரங்கள் இருக்கின்றன. 3 மீட்டரிலிருந்து 15 மீட்டர் வரை நீளம். எல்லாமே படுத்த நிலையில். நின்றபடி ஒன்றுகூட இல்லை. வேர் தேடுங்கள், கிடைக்காது. கிளை, இலை எதுவும் கிடைக்காது. பட்டையும் இருக்காது. வெறும் நடுமரம் மட்டும். இங்கேயே வளர்ந்த காடு புதைந்திருந்தால் வேரோடு நிற்கும் அடிக்கட்டைகள் சிலவாவது மண்ணில் ஊன்றி இருக்க வேண்டும்.

அப்புறம் மரத்தைச் சுற்றியுள்ள பாறையைப் பாருங்கள். பரும்படியான மணல், இடையிடையே உருண்டை தேய்ந்த கூழாங்கற்கள், சாய்வாக ஒன்றின்மேல் ஒன்று படிந்த மெல்லிய வரிகள். வேகமாக ஓடும் ஆறு போட்டுவிட்டுப் போகிற சரக்கு இது. மேற்கே எங்கோ மேட்டுநிலக் காடுகளில் சாய்ந்த மரங்களைப் பெருவெள்ளம் உருட்டிக்கொண்டு வந்திருக்கிறது. வழியெல்லாம் பாறையிலும் மணலிலும் மோதி வேர், கிளை, பட்டை உதிர்ந்துவிட்டன. வேகம் குறைந்த இடத்தில் மணலோடு மணலாகக் கட்டைகள் தங்கின. அடுத்த வெள்ளம் அவற்றின்மேல் இன்னும் மணலைக் கொட்டியது. மட்கும் முன் மூடப்பட்டதற்கு அந்த வெள்ளங்களே காரணம்.

அப்படியானால் கொண்டுவந்தது சங்கராபரணி ஆறுதானா?

அதுவும் இல்லை. செஞ்சி மலைப் பகுதியிலிருந்து வந்து, வீடூர் அணையைத் தாண்டி, திருவக்கரையைத் தொட்டுக்கொண்டு, வில்லியனூர் வழியாகப் புதுச்சேரிக் கடலுக்குப் போகிறது இன்றைய சங்கராபரணி. வராக நதி, செஞ்சியாறு என்றும் அதைச் சொல்வார்கள். மரங்களைச் சுமந்து வந்தது வேறொரு பழைய ஆறு, அல்லது ஆறுகள். அவை போன தடமே பாறையாகிவிட்டது.

ஆனால் இன்றைய ஆற்றுக்கும் இதில் பெரிய பங்கு உண்டு. கடலூர் மணற்பாறை அவ்வளவு கெட்டியானதில்லை. ஆறும், ஆற்றில் வந்து விழும் சிற்றோடைகளும் மழைக்கு மழை அதை வெட்டிக் கரைக்கின்றன. மணல் போய்விடுகிறது, அதைவிடப் பலமடங்கு கெட்டியான கல்மரம் அங்கேயே நிற்கிறது. பூங்காவைச் சுற்றி ஆளுயரத்துக்கு மேல் ஆழமான செம்மண் பள்ளங்களைப் பார்க்கலாம். அந்தப் பள்ளங்கள் இல்லையென்றால் இந்த மரங்கள் இன்னும் மண்ணுக்குள்தான் இருந்திருக்கும். பழைய ஆறு புதைத்தது, புதிய ஆறு தோண்டிக் கொடுத்தது.

என்னென்ன மரங்கள்? கல்லைப் பார்த்து எப்படிப் பெயர் சொல்ல முடிகிறது?

கல்மரத்திலிருந்து ஒரு மெல்லிய சீவலை அறுத்து, ஒளி ஊடுருவுகிற அளவுக்குத் தேய்க்கிறார்கள். 0.03 மில்லிமீட்டர் தடிமன் அளவுக்கு வந்துவிடும். ஒரே துண்டில் குறுக்காக ஒன்று, ஆரப்போக்கில் ஒன்று, அதற்குச் செங்குத்தாக ஒன்று என்று மூன்று திசைகளில் சீவல் எடுப்பார்கள். அதை நுண்ணோக்கியில் வைத்தால் நீர்க்குழாய்கள் தனித்தனியாக இருக்கின்றனவா, கூட்டமாக இருக்கின்றனவா, மரத்தின் நடுவிலிருந்து வெளிநோக்கி ஓடும் ஆரக்கதிர்கள் எத்தனை செல் அகலம், பிசின் குழல்கள் உண்டா என்பதெல்லாம் தெரியும். இன்றைய மரங்களின் சீவல்களோடு ஒப்பிட்டுக் குடும்பத்தை முடிவு செய்கிறார்கள். நீர்க்குழாயே இல்லையென்றால் ஊசியிலை மரவகை. குழாய்க் கற்றைகள் புள்ளி புள்ளியாகச் சிதறிக் கிடந்தால் பனை வகை.

இப்படித்தான் புளியமரக் குடும்பம், ஆமணக்குக் குடும்பம், மருத மரத்தின் குடும்பம், குங்கிலியம் தரும் மரங்களின் குடும்பம் என்று பல குடும்பங்களைச் சேர்ந்த மரங்களை அடையாளம் கண்டிருக்கிறார்கள். ஊசியிலை மரமும் உண்டு. இந்தியாவின் ஊசியிலை மரப் புதைபடிவங்களைத் தொகுத்து, தொல்தாவர ஆய்வாளர் பீர்பால் சாஹ்னி 1931-இல் வெளியிட்ட ஆய்வில் திருவக்கரை மரமும் இடம்பெற்றது. 1950-களிலும் 60-களிலும் சி.ஜி.கே. ராமானுஜம் அன்றைய தென்னாற்காடு மாவட்டத்துக் கல்மரங்களைப் பற்றி விரிவாக எழுதினார்.

இந்தப் பட்டியலில் என்னை நிறுத்தி யோசிக்க வைப்பது குங்கிலியக் குடும்பம்தான். அந்தக் குடும்பத்துப் பெருமரங்கள் இன்று மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரமான பசுமை மாறாக் காடுகளிலும், மலேசியா, போர்னியோ பக்கத்து மழைக்காடுகளிலும் வளர்கின்றன. இப்போது திருவக்கரையில் நிற்பவை வேலிக்காத்தானும் முட்புதரும் பனையும். ஆக, மரங்கள் புதைந்த காலத்தில் இந்தப் பக்கம் இன்றைவிட மிக அதிக மழை பெய்திருக்கிறது. அந்த மழைதான் ஆற்றைப் பெருக்கியது, மரத்தை உருட்டியது, மணலைக் கொண்டுவந்தது. ஒரு மரத்துண்டின் உள்ளமைப்பைக் கொண்டு ஒரு காலத்தின் வானிலையைச் சொல்ல முடிகிறது.

சில மரங்கள் ரம்பத்தால் அறுத்தது போலத் துண்டு துண்டாக இருக்கின்றனவே?

யாரும் அறுக்கவில்லை. குவார்ட்ஸ் கடினமானது, ஆனால் வளையாது. மண் இறங்கும்போதோ நிலம் அசையும்போதோ பச்சை மரம் வளைந்து கொடுக்கும், கல்மரம் குறுக்காக முறிந்துவிடும். முறிந்த துண்டுகள் வரிசை மாறாமல் கிடப்பதால் வெட்டியது போலத் தெரிகிறது. மேல்மண் நீங்கியபின் வெயிலும் மழையும் அந்த விரிசல்களை இன்னும் அகலமாக்கும்.

நிறம் ஏன் இப்படி மாறி மாறி இருக்கிறது?

தூய சிலிக்கா வெள்ளை அல்லது சாம்பல். அதில் இரும்பு கலந்தால் மஞ்சள், சிவப்பு, பழுப்பு. மாங்கனீசு கலந்தால் கறுப்பு. இங்கே மண்ணே செம்மண் என்பதால் பழுப்பும் துருச் சிவப்பும் அதிகம்.

நெய்வேலி நிலக்கரிக்கும் இதற்கும் உறவு உண்டா?

உண்டு. நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியின் மேல் மூடிக் கிடப்பதும் கடலூர் மணற்பாறைதான். பழங்காலத்துத் தாவரங்கள் இந்த வட்டாரத்தில் இரண்டு விதமாக முடிந்திருக்கின்றன. தேங்கிய சதுப்பில் குவிந்தவை காற்றில்லாமல் அழுந்திக் கரியாயின. ஓடும் ஆற்று மணலில் புதைந்தவை சிலிக்கா ஏறிக் கல்லாயின. கரியில் மரத்தின் கார்பன் மிஞ்சியது, உருவம் பெரும்பாலும் நசுங்கிவிட்டது. கல்லில் கார்பன் போய்விட்டது, உருவம் மிஞ்சியது. பள்ளிக்கூடப் பாடத்தில் இந்த இரண்டையும் சேர்த்துச் சொன்னால் எவ்வளவு நன்றாக இருக்கும்! நெய்வேலிக்குச் சுற்றுலா போகும் பிள்ளைகள் திருவக்கரைக்கும் ஒரு நடை வந்துபோக வேண்டும் என்பது என் ஆசை.

அசுரனின் எலும்புகள் என்று ஊரில் சொல்கிறார்களே?

வக்கிராசுரன் என்ற அசுரனைத் திருமால் அழித்தார், அவன் தங்கை துன்முகியைக் காளி அழித்தாள் என்பது தலக்கதை. சிதறிக் கிடக்கும் இந்தக் கல்மரங்கள் அந்த அசுரனின் எலும்புகள் என்று சொல்வார்கள். நீளமாக, உருண்டையாக, உள்ளே நரம்போட்டத்தோடு மண்ணிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் துண்டுகளைப் பார்த்தால் அந்த எண்ணம் ஏன் வந்தது என்று புரியும். இவை சாதாரணக் கல் இல்லை, உயிரோடு இருந்த ஒன்றின் உடம்பு என்பதை அந்தக் கதை சொன்னவர்கள் கண்டுகொண்டிருக்கிறார்கள். அந்தக் கவனிப்பை நான் மதிக்கிறேன். கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள், மரம் கல்லானதையும் சேர்த்தே சொல்லுங்கள்.

இதை முதலில் எழுதி வைத்தது யார்?

ஐரோப்பியர்களில் முதலில் பதிவு செய்தவர் பிரெஞ்சு இயற்கையியலாளர் சோனெரா, 1781-இல். புதுச்சேரி பிரெஞ்சுக்காரர்கள் குடியேறிய ஊர், அங்கிருந்து திருவக்கரை கைக்கெட்டும் தூரம்தான். சம்பந்தர் தேவாரம் பாடிய தலம் இது என்பதால் ஊர் அதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே பேர்பெற்றது. ஆகவே சோனெரா ‘கண்டுபிடித்தார்’ என்று சொல்வது பொருந்தாது. ஊர்க்காரர்கள் காலங்காலமாக இந்தக் கற்களின்மேல் நடந்து போயிருக்கிறார்கள்.

பூங்காவை யார் பராமரிக்கிறார்கள்? சட்டப் பாதுகாப்பு இருக்கிறதா?

இந்திய புவியியல் ஆய்வு நிறுவனம் பராமரிக்கிறது. தேசியப் புவியியல் நினைவுச்சின்னம் என்றும் அறிவித்திருக்கிறது. மொத்தப் பரப்பு 247 ஏக்கர் அளவு, ஒன்பது பகுதிகளாகப் பிரிந்து கிடக்கிறது. பொதுமக்கள் பார்ப்பது வேலி போட்ட ஒரு பகுதியை மட்டும்.

சட்டம் என்று கேட்டால் பதில் அவ்வளவு உற்சாகம் தராது. கோயில், கோட்டை, கல்வெட்டு போன்றவற்றைக் காக்கத் தொல்லியல் சட்டம் இருக்கிறது. சேதப்படுத்தினால் தண்டனை உண்டு. மனிதக் கை படாத, இயற்கை உண்டாக்கிய புவியியல் சின்னங்களுக்கு என்று அதுபோன்ற தனிச்சட்டம் இல்லாமலே நீண்ட காலம் ஓடிவிட்டது. 2022 டிசம்பரில் சுரங்க அமைச்சகம் புவிமரபு இடங்களைக் காப்பதற்கான வரைவு மசோதா ஒன்றைக் கருத்துக் கேட்பதற்காக வெளியிட்டது. அறிவிப்புப் பலகையும் வேலியும் ஒரு காவலரும் சேர்ந்து எவ்வளவு காக்க முடியுமோ, அவ்வளவுதான் இதுபோன்ற இடங்களின் நடைமுறைப் பாதுகாப்பு. பலமான சட்டம் வேண்டும் என்று கேட்க நமக்கு எல்லா நியாயமும் இருக்கிறது.

விரல் அளவுத் துண்டு ஒன்றை நினைவுக்கு எடுத்துக்கொண்டால் என்ன கெட்டுப்போகும்?

இதைத்தான் அதிகம் பேர் கேட்கிறார்கள். கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன்.

கல்மரத்தின் மதிப்பில் பாதிக்கு மேல் அது கிடக்கும் இடத்தில் இருக்கிறது. எந்தத் திசையைப் பார்த்துக் கிடக்கிறது என்பது பழைய ஆறு ஓடிய போக்கை ஊகிக்க உதவும். எந்த அடுக்கில் கிடக்கிறது என்பது காலத்தைச் சொல்லும். பக்கத்தில் எந்த மரம், எந்தக் கூழாங்கல் என்பது எந்தக் காட்டிலிருந்து வந்தது என்பதைச் சொல்லும். அதை எடுத்து வீட்டு அலமாரியில் வைத்த நிமிடத்தில் இவை அத்தனையும் போய்விடும். மிஞ்சுவது அழகான ஒரு கல். அதுபோன்ற கல் கடையில்கூடக் கிடைக்கும்.

அமெரிக்காவின் அரிசோனாவில் 22 கோடி ஆண்டுப் பழைய கல்மரங்கள் உள்ள தேசியப் பூங்கா ஒன்று இருக்கிறது. 1906-லிருந்து பாதுகாக்கப்பட்ட இடம். அங்கிருந்து துண்டுகளை எடுத்துப் போனவர்கள் பலர், பின்னால் மனம் கேட்காமல் மன்னிப்புக் கடிதத்தோடு தபாலில் திருப்பி அனுப்புகிறார்கள். பூங்கா ஊழியர்களால் அவற்றைத் திரும்ப நிலத்தில் வைக்க முடிவதில்லை. எந்த இடத்துக் கல் என்று யாருக்குத் தெரியும்? தவறான இடத்தில் வைத்தால் ஆய்வுக்கே குழப்பம். அதனால் ஒரு பாதையோரம் குவியலாகப் போட்டு வைத்திருக்கிறார்கள். திருப்பிக் கொடுத்தும் திரும்பாத இழப்பு அது.

திருவக்கரையில் இருப்பது ஏறக்குறைய 200 மரம். அரிசோனாவின் பரப்போடு ஒப்பிட்டால் நம்மிடம் இருப்பது ஒரு கைப்பிடி. தயவுசெய்து எடுக்காதீர்கள். பூங்காவுக்கு வெளியே, வழியில் கிடந்தாலும் எடுக்காதீர்கள். யாராவது விற்க வந்தால் வாங்காதீர்கள். படம் எடுத்துக்கொள்ளுங்கள், வேண்டிய மட்டும்.

சுற்றிலும் கல்குவாரிகள் இருக்கின்றனவே, அவை கல்மரத்தையா உடைக்கின்றன?

குவாரிக்காரர்கள் வெட்டுவது கல்மரத்தை இல்லை. அதற்கு அடியிலும் மேற்கிலும் இருக்கும் மிகப் பழைய கருங்கல்லை. ஜல்லிக்கும் எம்-சாண்டுக்கும் போகிறது. ஆனாலும் வெடி வைக்கும் அதிர்வு, லாரிப் போக்குவரத்து, தூசு, மாறிப்போகும் ஓடைகள் எல்லாம் ஏற்கெனவே விரிசல் விட்ட கல்மரங்களுக்கு நல்லதல்ல என்பது என் கருத்து. பூங்காவைச் சுற்றிப் போதிய இடைவெளி விட்டுத்தான் எந்த வெட்டும் நடக்க வேண்டும்.

எப்படிப் போவது? எந்த நேரம் நல்லது?

புதுச்சேரியிலிருந்து 25 கிலோமீட்டர் அளவு. திண்டிவனம் பக்கமிருந்து வருபவர்கள் மயிலம் வழியாக வரலாம். பௌர்ணமி அன்று கூடுதல் பேருந்துகள் கிடைக்கும், ஆனால் அன்று நெரிசல் அதிகம். பூங்காவை நிதானமாகப் பார்க்க விரும்பினால் வேறு நாளில் வாருங்கள். டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை வெயில் தாங்கும். சித்திரை, வைகாசியில் காலை ஒன்பது மணிக்கே செம்மண் தகிக்கும். நிழல் குறைவு. தண்ணீரும் தொப்பியும் கட்டாயம், முள் குத்தாத செருப்பும்தான். சாய்ந்த வெயிலில், அதாவது காலையிலோ மாலையிலோ பார்த்தால் மரத்தின் வரிகள் நிழல் பட்டு எடுப்பாகத் தெரியும். படம் எடுப்பவர்களுக்கு அதுதான் நேரம்.

பிள்ளைகளை அழைத்துப் போனால் என்ன காட்டலாம்?

பத்து மடங்கு பெரிதாக்கும் சின்ன லென்ஸ் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், விலை அதிகமில்லை. முறிந்த முனையில் கொஞ்சம் குடிநீரைத் தெளித்து லென்ஸ் வழியே பார்க்கச் சொல்லுங்கள். ஈரம் பட்டதும் உள்வரிகள் பளிச்சென்று தெரியும். நீளவாக்கில் நாரோட்டம், குறுக்கே புள்ளி புள்ளியாகக் குழாய்கள். ஆண்டு வளையம் தேடுவார்கள், பெரும்பாலானவற்றில் தெளிவாக இருக்காது. வெப்பமண்டலத்தில் குளிர்கால நிறுத்தம் இல்லாமல் மரம் வளர்ந்துகொண்டே இருப்பதால் அப்படி. ‘வேர் எங்கே?’ என்ற கேள்வியைப் பிள்ளைகளிடம் விட்டுவிட்டு ஒதுங்கி நில்லுங்கள். பத்து நிமிடத்தில் ஆறும் வெள்ளமும் அவர்கள் பேச்சில் வந்துவிடும். மரத்தின்மேல் ஏறவிடாதீர்கள், விளிம்புகள் உடையும்.

பெரம்பலூர் சாத்தனூரிலும் கல்மரம் உண்டே, இரண்டும் ஒன்றா?

காலமே வேறு. சாத்தனூர் மரம் கிரெட்டேசியஸ் காலத்தது, டைனோசர்கள் நடமாடிய காலம். 18 மீட்டருக்கு மேல் நீளம், கடல் படிவுகளுக்கு நடுவே புதைந்தது. 1940-இல் புவியியல் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த எம்.எஸ். கிருஷ்ணன் அதைப் பதிவு செய்தார். ஒற்றை மரத்தின் பிரம்மாண்டத்தைப் பார்க்கச் சாத்தனூர், பல குடும்பத்து மரங்கள் ஒரே இடத்தில் கிடப்பதைப் பார்க்கத் திருவக்கரை. வடக்கே ராஜஸ்தானில் ஜெய்சல்மர் அருகே ஆகல், மத்தியப் பிரதேசத்தில் குகுவா என்று வேறு பூங்காக்களும் இருக்கின்றன.

மழைக்குப் பிறகு ஓடையில் புதிதாக ஒரு கல்மரம் தெரிகிறது. என்ன செய்வது?

இப்படி நடப்பது இயல்பு. ஐப்பசி, கார்த்திகை மழையில் கரை சரிந்து துண்டுகள் வெளியே வரும். முதலில், தோண்டாதீர்கள், நகர்த்தாதீர்கள். பக்கத்தில் ஒரு அடிக்கோலோ குடையோ வைத்து அளவு தெரியும்படி ஒரு படம், சுற்றுப்புறம் தெரியும்படி தூரத்திலிருந்து ஒரு படம், மேலே கீழே உள்ள மண்ணடுக்கு தெரியும்படி இன்னொன்று எடுங்கள். கைபேசி வரைபடத்தில் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு பூங்காக் காவலரிடமோ, சென்னையிலுள்ள இந்திய புவியியல் ஆய்வு நிறுவன அலுவலகத்துக்கோ தெரிவியுங்கள். தனியார் நிலமாக இருந்தால் நிலத்துக்காரரிடம் பேசி, டிராக்டரோ பொக்லைனோ அந்தப் பக்கம் வராமல் கொஞ்ச நாள் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். சரிந்த கரையின் விளிம்பில் மட்டும் நிற்காதீர்கள், அந்த மணற்பாறை ஈரத்தில் சட்டென்று இடிந்து விழும்.